கணினி விளையாட்டும் நகல் தடுப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கணினி விளையாட்டுகளின் கள்ள நகல்களைப் பற்றியும், அவற்றைத் தடுக்க நிறுவனங்கள் செய்துவரும் ஏற்பாடுகளைப் பற்றியும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வாசகர், திருச்சி: 2003ஆம் ஆண்டு முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக் குறுந்தகடு ஒன்று கீறல் இல்லாமல் என்னிடம் இருக்கிறது. புதிய மடிக்கணினியில் சிடி டிரைவை இணைத்து நிறுவினேன். நிறுவல் முடிகிறது, விளையாட்டு மட்டும் திறக்க மறுக்கிறது. அதே விளையாட்டின் கள்ள நகல் என் அண்ணன் மகனின் கணினியில் தடையில்லாமல் ஓடுகிறது. அசல் ஓடாமல் நகல் ஓடுவது எப்படி?

பதில்: உங்கள் குறுந்தகட்டில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டுகளில் வெளியான பல விளையாட்டுகளில் மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க் அல்லது சோனி டிஏடிசி நிறுவனத்தின் செக்யூரோம் என்ற நகல் தடுப்பு சேர்க்கப்பட்டிருந்தது. குறுந்தகட்டிலுள்ள கோப்புகளைப் பாருங்கள். 00000001.டிஎம்பி (00000001.TMP) என்றோ செக்டிஆர்வி.சிஸ் (secdrv.sys) என்றோ ஒரு கோப்பு தென்பட்டால் அது பெரும்பாலும் சேஃப்டிஸ்க்தான்.

சேஃப்டிஸ்க் உள்ள விளையாட்டில் முதன்மை நிரல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது நேரடியாக ஓடாதபடி குறியீடாக மாற்றப்பட்டிருக்கும். விளையாட்டைத் தொடங்கும்போது முதலில் ஓடுவது சேஃப்டிஸ்க்கின் சிறு நிரல். தொழிற்சாலையில் அச்சிட்ட குறுந்தகட்டின் சில பகுதிகளில், வீட்டிலுள்ள சிடி ரைட்டர்கள் பிழையில்லாமல் எழுதத் திணறும் பிட் வரிசைகளை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அவை இருக்கவேண்டியபடி இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகே அந்தச் சிறு நிரல் விளையாட்டை ஓடவிடும். இந்தச் சோதனைக்காக விண்டோஸின் மையப் பகுதியிலேயே செக்டிஆர்வி.சிஸ் என்ற டிரைவர், அதாவது உயர் அனுமதியுடன் ஓடும் ஒரு துணை நிரல், நிறுவப்பட்டது. வினை அங்கேதான் தொடங்கியது. சாதாரண அனுமதியுடன் ஓடும் ஒரு நிரல் கணினி முழுவதையும் கைப்பற்ற இடம்தரும் ஓட்டை அந்த டிரைவரில் இருப்பது 2007இல் தெரியவந்து, மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அந்த டிரைவருக்கு இடமே தரப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அது முடக்கப்பட்டது. டிரைவர் இல்லாததால் சோதனை நடக்க வழியில்லை. சோதனை நடக்காததால், அசல் குறுந்தகடு உள்ளே சுழன்றுகொண்டிருந்தாலும் விளையாட்டு திறப்பதில்லை. கள்ள நகலிலோ அந்தச் சோதனையையே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆகவே அதற்கு டிரைவர் தேவைப்படவில்லை.

காசு கொடுத்தவர் வாசலில் நிற்க, கொடுக்காதவர் உள்ளே உட்கார்ந்து விளையாடும் இந்த நிலையை அநியாயம் என்றே சொல்வேன். பூட்டைச் செய்தவர்கள் அது எத்தனை ஆண்டு திறக்கும் என்று யோசிக்கவே இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது: அந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் நகல் தடுப்பை நீக்கும் திருத்தம் எதையேனும் தந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், சில நிறுவனங்கள் தந்திருக்கின்றன. இல்லையெனில் ஜிஓஜி என்ற இணையக் கடையில் அதே விளையாட்டு பூட்டில்லாமல் கிடைக்கலாம். அண்ணன் மகனிடமுள்ள, நகல் தடுப்பை உடைக்கும் கிராக் கோப்பை வாங்கிப் போடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பத் தடையை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. உங்கள் நோக்கம் அதுவன்று என்பது உண்மை. ஆனால் முகம் தெரியாத ஒருவர் மாற்றி எழுதிய நிரலுக்கு, வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் முழு அனுமதி கொடுப்பது பெரிய ஆபத்து.

கல்லூரி மாணவி, கோவை: குறுந்தகடுகளுக்கு முன்பு, ஃபிளாப்பி காலத்தில் நகலை எப்படித் தடுத்தார்கள்?

பதில்: பெரும்பாலும் காகிதத்தால். தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பள்ளிக் கணினி அறைகளில் விளையாடியவர்களுக்குப் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா நினைவிருக்கும். முதல் கட்டம் முடிந்ததும் தரையெங்கும் மருந்துக் குப்பிகள் வைத்த ஓர் அறை வரும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில் உள்ள இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். தவறானவற்றைக் குடித்துக்கொண்டே போனால் இளவரசன் செத்து விழுவான். கையேடு பெட்டியோடுதான் வரும் என்பதால் ஃபிளாப்பியை மட்டும் நகலெடுத்தவர் அங்கே நின்றுவிடுவார் என்பது கணக்கு. ஜெராக்ஸ் கடை உள்ள ஊரில் அந்தக் கணக்கு நெடுநாள் நிற்கவில்லை. 1990இல் வந்த தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட், கடற்கொள்ளையர் முகங்களைச் சுழற்றிப் பொருத்தும் அட்டைச் சக்கரம் ஒன்றைப் பெட்டியில் வைத்தது. எண்பதுகளின் நடுவில் ஸ்பெக்ட்ரம் கணினிக்கான எலீட் விளையாட்டுடன் லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் வில்லை வந்தது. அதைத் தொலைக்காட்சித் திரையில் வைத்துப் பார்த்தால் கலைந்து கிடக்கும் எழுத்துகள் ஒன்றுசேர்ந்து தெரியும். திரை மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ இருந்தால் தெரியாது; சில பெட்டிகளில் வேறு விளையாட்டுக்கான வில்லை போடப்பட்டு, வாங்கியவர்கள் தவித்தார்கள்.

ஒரு தாய், மதுரை: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் விளையாட்டுகளை டோரன்ட்டில் இறக்கிக்கொள்கிறான். "பெரிய கம்பெனிக்கு இதனால் என்ன நஷ்டம்?" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது?

பதில்: பெரிய கம்பெனியை விட்டுவிட்டு, சிறியது ஒன்றைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். 2013இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரு சகோதரர்களின் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம், கேம் டெவ் டைகூன் என்ற விளையாட்டைச் சுமார் 8 டாலர் விலையில், எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டது. வெளியான உடனே அவர்களே அதன் மாற்றிய வடிவம் ஒன்றை டோரன்ட்டில் போட்டார்கள். ஒரு நாள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது வாங்கி விளையாடியவர்கள் 214 பேர். கள்ள நகலில் விளையாடியவர்கள் குறைந்தது 3,104 பேர். விளையாட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்துவதுதான் அந்த விளையாட்டு. மாற்றிய வடிவத்தில், ஆடுபவர் கட்டியெழுப்பிய நிறுவனம் கள்ள நகல்களால் விற்பனை இழந்து கடைசியில் திவாலாகும்படி செய்திருந்தார்கள். கள்ள நகலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் விளையாட்டுகளை எல்லோரும் திருடுகிறார்களே, இதைத் தடுக்க வழியில்லையா என்று இணையத்தில் முறையிட்டார்கள்.

இறக்கிக்கொண்ட ஒவ்வொருவரும் நகல் கிடைக்காவிட்டால் வாங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அப்படிக் கணக்கிட்டு நஷ்டம் சொல்வது பிழை. ஆனால் நஷ்டமே இல்லை என்பதும் பிழைதான். டெனுவோ என்ற நகல் தடுப்பு உள்ள 86 விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு 2024இல் வெளியான ஓர் ஆய்வு, வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது என்றும், 12 வாரங்களுக்குப் பிறகு உடைந்தால் ஏறக்குறைய ஒன்றும் குறைவதில்லை என்றும் கண்டது.

சட்டத்தையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். கள்ள நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க முடியும். வருமானத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதபோது சிறை இல்லாமல் அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதைச் சொல்லி மகனை மிரட்ட வேண்டாம். பிடித்த விளையாட்டு ஒன்றைத் தள்ளுபடி வரும்போது அவனை வைத்தே வாங்கச் செய்யுங்கள்.

மென்பொருள் ஊழியர், சென்னை: திருட்டு நஷ்டம் தருகிறது என்றால், பூட்டுவதற்கு நிறுவனங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை உண்டு. எத்தனை காலத்துக்கு, யாருடைய சிரமத்தின் பேரில் என்பதே என் கேள்வி. 2008இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ஸ்போர் விளையாட்டை மூன்று கணினிகளில் மட்டுமே செயல்படுத்தலாம் என்று செக்யூரோம் மூலம் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பு இல்லாத கள்ள நகல் அதிகாரபூர்வ வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் வந்துவிட்டது. வாங்கியவர்கள் அமேசானில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கோபத்தைக் காட்டிய பிறகு வரம்பு ஐந்தானது. அதே நிறுவனம் 2013 மார்ச்சில் சிம்சிட்டியை வெளியிட்டபோது, தனியாக உட்கார்ந்து நகரம் கட்டுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்றது. சர்வர்கள் தாங்கவில்லை. பணம் கட்டியவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். முக்கியக் கணக்கீடுகள் சர்வரில்தான் நடக்கின்றன என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் தந்தார்கள். சில நாட்களிலேயே ஒருவர் இணைப்பு இல்லாமல் அதை ஓட்டிக்காட்டினார். இணைப்பு தேவைப்படாத வடிவம் வந்து சேர ஓராண்டு ஆயிற்று.

டெனுவோ போன்ற இன்றைய பூட்டுகள் முதல் சில வாரங்களைக் காப்பாற்றுகின்றன, அதற்குப் பிறகு காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை என்பதைத்தான் மேலே சொன்ன ஆய்வு காட்டுகிறது. அப்படியென்றால் அந்த வாரங்கள் கழிந்ததும் பூட்டைக் கழற்றிவிடுவதுதான் நேர்மை. 2016 மே மாதம் வந்த டூம் விளையாட்டில் அந்த ஆண்டு டிசம்பரிலேயே டெனுவோவை நீக்கினார்கள். இதை எல்லா நிறுவனங்களும் செய்ய வேண்டும். எப்போது நீக்குவோம் என்பதை விற்கும்போதே பெட்டியில் எழுத வேண்டும். திருச்சி வாசகரின் நிலை இன்று வாங்குகிறவர்களுக்கு வராதிருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பட்டதாரி, யாழ்ப்பாணம்: பூட்டே இல்லாமல் விற்றுப் பிழைக்க முடியுமா?

பதில்: போலந்து நாட்டைப் பாருங்கள். அங்கே மென்பொருளுக்குப் பாதுகாப்பளிக்கும் பதிப்புரிமைச் சட்டம் 1994இல்தான் வந்தது. அதுவரை வார்சா சந்தைகளில் நகல் விளையாட்டுகள் வெளிப்படையாக விற்கப்பட்டன. அந்தச் சந்தையிலேயே விற்றுப் பழகிய பள்ளி நண்பர்கள் மார்ச்சின் இவின்ஸ்கியும் மிஹாவ் கிசின்ஸ்கியும் அதே 1994இல் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999இல் பால்டர்ஸ் கேட் விளையாட்டைப் போலந்து மொழியில் கொண்டுவந்தபோது, கள்ளச்சந்தைக்காரரால் தர முடியாதவற்றைப் பெட்டிக்குள் அடுக்கினார்கள்: பெயர்பெற்ற நடிகர்களின் போலந்துக் குரல், பழைய தோல்தாள் போன்ற வரைபடம், கையேடு, இசைக் குறுந்தகடு. விளையாட்டே ஐந்து குறுந்தகடுகளில் இருந்ததால், நகலும் அவ்வளவு மலிவாக இருக்கவில்லை. அது நன்றாக விற்றது.

2008இல் பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி கடையையும் அவர்களே திறந்தார்கள். அவர்கள் நடந்த வழி முழுவதும் நேராக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். 2011இல் தி விட்சர் 2 குறுந்தகட்டில் செக்யூரோமைச் சேர்த்துப் பின்பு திருத்தம் ஒன்றின் மூலம் நீக்கினார்கள். கள்ள நகல் இறக்கியதாகச் சந்தேகித்து ஜெர்மனியில் பலருக்கு வக்கீல் கடிதம் அனுப்பி, எதிர்ப்பு எழுந்ததும் 2012 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். ஆனால் 2015இல் வந்த தி விட்சர் 3 முதல் நாளிலிருந்தே ஜிஓஜியில் பூட்டில்லாமல் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்திருக்கலாம். அது எல்லாக் கருவிகளிலும் சேர்த்து 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக 2023இல் நிறுவனம் அறிவித்தது.

வாசகர், சேலம்: இணையக் கடையில் பணம் கட்டி வாங்கிய விளையாட்டு எனக்குச் சொந்தம்தானே?

பதில்: பெரும்பாலும் இல்லை; உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம். யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் நிறுத்தியதும், தனியாக ஆடுகிறவர்களுக்கும் அது ஓடாமல் போயிற்று. இதனால் கிளம்பிய எதிர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவாக வளர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமத்தை மட்டும் விற்கும் கடை அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இணைப்பின்றி நிரந்தரமாகப் பயன்படுத்தும்படி இறக்கித் தரும் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வாங்குமுன் ஸ்டீம் இணையக் கடையில் அந்த விளையாட்டின் பக்கத்தில் மூன்றாம் தரப்பு டிஆர்எம் (நகல் தடுப்பு) பற்றிய குறிப்பு இருக்கிறதா, இணைப்பு கட்டாயமா என்று பாருங்கள். ஜிஓஜியில் வாங்கினால் இன்ஸ்டாலர் கோப்பை இறக்கி வெளிப்புற வட்டு ஒன்றில் பத்திரப்படுத்துங்கள். முறையாக வாங்கிய நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுத்துவைக்க நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது.