மலிவு விலை ரோபோ கிட்டை வைத்து வார்ஹேமர் ஆடலாமா?

வாசகர் கேள்வி: வாலாஜாபேட்டையில் இருக்கிறேன். பெங்களூரில் படிக்கும் என் அண்ணன் மகன் அங்கே நண்பர்களோடு வார்ஹேமர் 40,000 என்ற, சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டை ஆடுகிறான். லீவுக்கு வந்தால், "சித்தப்பா, நீங்களும் ஒரு படை ரெடி பண்ணுங்க" என்று ஒரே பிடிவாதம். அசல் பெட்டி ஒன்றே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. வேறு கம்பெனிகளின் விண்வெளிச் சிப்பாய்களும், பாகங்களை நாமே சேர்த்துச் செய்யும் ஜப்பான் ரோபோ கிட்டுகளும் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து ஆடலாமா? அளவு பொருந்துமா? அவன் அதை பெங்களூருக்கு எடுத்துப் போனால் ஒத்துக்கொள்வார்களா?

பதில்: ஆடலாம். வீட்டு மேசையில் ஆடுவதற்கு உங்கள் அண்ணன் மகன் சரி என்று சொன்னால் போதும், வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விலையைப் பார்த்து முதலில் கிட்டை வாங்கி, பிரித்து ஒட்டிய பிறகு "இதை என்னவாக வைத்து ஆடுவது" என்று யோசிக்காதீர்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்தப் படைப்பிரிவை ஆடப் போகிறீர்கள், அதன் பேஸ், அதாவது காலடி வட்டம், என்ன அளவு, கையில் என்ன ஆயுதம் என்று விதிகளில் முதலில் பாருங்கள். அப்புறம் அதற்குப் பொருந்துகிற பொம்மையைத் தேடுங்கள். எதிரே நிற்பவர் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்து இது இன்ன பிரிவு, கையில் இன்ன துப்பாக்கி என்று சொல்ல முடிந்தால் போதும். அதைச் செய்தது எந்தக் கம்பெனி என்பது ஆட்டத்துக்குத் தேவையில்லாத விவரம்.

பெங்களூர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்த ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற இங்கிலாந்து நிறுவனம் தானே நடத்தும் கடைகளிலும் போட்டிகளிலும் தன்னுடைய சிட்டாடல் பொம்மைகளை மட்டும்தான் அனுமதிக்கும். அங்கே வாதம் செய்து பயனில்லை. மற்றவர்கள் நடத்தும் போட்டிகளில் அமைப்பாளர் வைத்ததுதான் சட்டம். சிலர் பேஸ் சரியாக இருந்தால் விட்டுவிடுவார்கள், சிலர் முன்கூட்டியே படம் அனுப்பச் சொல்வார்கள். நண்பர்கள் கூடி ஆடும் இடத்தில் பெரும்பாலும் பிரச்சினை வராது. எதற்கும் அவன் தன் குழுவில் இரண்டு விஷயம் கேட்டுவைக்கட்டும்: ப்ராக்ஸிக்கு, அதாவது அசலுக்குப் பதிலாக வைக்கும் பொம்மைக்கு, அனுமதி உண்டா, ஆயுதம் விசிவிக் முறையில் இருக்க வேண்டுமா. விசிவிக் என்றால் பொம்மையின் கையில் தெரிகிற ஆயுதம்தான் கணக்கில் வரும். கையில் ரைஃபிளை வைத்துக்கொண்டு "இது ஃபிளேம்த்ரோவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் இரண்டாவது சுற்றிலேயே இருவருக்கும் குழம்பிவிடும்.

இனி அளவு. தூரம் எல்லாம் பேஸின் விளிம்பிலிருந்து அளக்கப்படுவதால் பொம்மையைவிட அதன் காலடியில் இருக்கும் வட்டம்தான் முக்கியம். அஸ்ட்ரா மிலிட்டாரம் என்ற மனிதப் படையின் சாதாரண வீரனுக்கு 25 மி.மீ., கனத்த கவசம் போட்ட ஸ்பேஸ் மரீன் வீரனுக்கு இன்று பெரும்பாலும் 32, அதைவிடக் கனத்த கவசம் போட்ட டெர்மினேட்டருக்கு 40. சின்ன பேஸ் போட்டால் குறுகலான இடத்தில் அதிக ஆட்கள் நுழைவார்கள், சண்டையில் முன்வரிசையில் கூடுதலாக நிற்பார்கள். உங்களுக்கு அப்படி எண்ணமே இல்லாவிட்டாலும் எதிராளிக்குச் சந்தேகம் வரும். மற்ற கம்பெனி கிட்டுகளோடு வரும் பேஸ் பெரும்பாலும் அவரவர் ஆட்டத்துக்கான அளவு, சிலவற்றில் பேஸே இருக்காது. ஷீல்டு, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசர் வெட்டும் இயந்திரம் இருந்தால், 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் வேண்டிய விட்டத்தில் வட்டங்களை மொத்தமாக வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் வேண்டுமென்றால் பத்து ரூபாய் நாணயம் சரியாக 27 மி.மீ. விட்டம்.

உயரத்துக்கு வருவோம். 28 மி.மீ. பொம்மை என்று பெட்டியில் போட்டிருந்தால் காலடியிலிருந்து கண் வரை அவ்வளவு என்று பொதுவாக அர்த்தம். ஸ்கேல் கிட் கணக்கில் இது ஏறக்குறைய 1/56, அதாவது அசலின் 56-இல் ஒரு பங்கு. ஐந்தே முக்கால் அடி மனிதன் 1/56-இல் 31 மி.மீ. வருவான், 1/72-இல் 24, 1/48-இல் 37, 1/35-இல் 50. ஆகவே 1/72 சிப்பாய்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள், பக்கத்தில் வைத்தால் குழந்தைகள் மாதிரி தெரிவார்கள். 1/35 அதற்கு நேர்மாறு. 1/48 டாங்கி ஓரளவு தேறும், ஏனென்றால் வார்ஹேமர் பொம்மைகளின் தலையும் கையும் கொஞ்சம் பருத்த வாகில்தான் இருக்கும். 40,000-இல் ஒன்றையொன்று பார்க்க முடிகிறதா என்பதைப் பொம்மையின் நிஜ உயரத்தை வைத்தே முடிவு செய்வதால், குட்டையான பொம்மை சுவருக்குப் பின்னால் ஒளிவது சுலபம். அசலைவிட மிகவும் குட்டையாக இருந்தால் எதிராளியிடம் முன்பே சொல்லி, "இது அசல் உயரம் என்றே வைத்துக்கொள்வோம்" என்று பேசிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மனிதப் படையை எடுங்கள். ஸ்பேஸ் மரீன் கவசம் தனி அமைப்பு. வேறு கம்பெனியின் சாதாரண உயரச் சிப்பாயை அதற்கு மாற்றாக வைத்தால் எடுபடாது. மனிதச் சிப்பாய் எந்தக் கம்பெனி செய்தாலும் மனிதச் சிப்பாய்தான். ஸ்டார்கிரேவ் என்ற ஆட்டத்துக்காக நார்த் ஸ்டார் நிறுவனம் போடும் ட்ரூப்பர்ஸ் பெட்டியில் 20 பேர் வருகிறார்கள். மிலிட்டாரம் படையில் ஒரு அணிக்குப் பத்துப் பேர் என்பதால் ஒரே பெட்டியில் இரண்டு அணி தேறிவிடும். வார்கேம்ஸ் அட்லாண்டிக் நிறுவனத்தின் டெத் ஃபீல்ட்ஸ் வரிசையில் நெப்போலியன் காலத்து உடுப்பைத் தழுவிய எதிர்காலச் சிப்பாய்கள்கூட உண்டு. மேண்டிக் நிறுவனத்தின் டெட்சோன் பொம்மைகளும் இதே ரகம். இந்தப் படையில் ஒரு சிக்கல், ஆள் நிறைய வேண்டும். அத்தனை பேருக்கும் பெயின்ட் அடிக்கப் பொறுமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோபோ கிட்தான் உங்களுக்கு உண்மையான ஆசை என்று கேள்வியிலேயே தெரிகிறது. பண்டாய் நிறுவனத்தின் கண்டம் (Gundam) என்ற கதை ரோபோ கிட்டுகளில் எச்.ஜி. என்ற வரிசையும், 2019-இல் வந்த 30 மினிட்ஸ் மிஷன்ஸ் வரிசையும் 1/144 அளவு. கதையில் கண்டம் 18 மீட்டர் உயரம், கிட்டில் அது 12.5 செ.மீ. அதே கிட்டை உங்கள் 1/56 சிப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினால் 7 மீட்டர் இயந்திரமாகிவிடும், மாடி வீட்டு உயரம். வார்ஹேமரில் ஆர்மிஜர் நைட் என்ற நடக்கும் இயந்திரத்துக்கு இந்த உருவம் நன்றாகப் பொருந்துகிறது. 100 மி.மீ. வட்ட பேஸில் ஏற்ற வேண்டும். 2023-இல் வந்த 10-ஆவது பதிப்பின் விதிப்படி மிலிட்டாரம் போன்ற படைகள் ஆர்மிஜரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. அவன் எந்தப் பதிப்பு ஆடுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கிட்டை அப்படியே நிறுத்தினால் கண் உறுத்தும். காரணம் உயரம் அல்ல, கதவு. விண்வெளி இயந்திரத்துக்கு நாம் நிஜத்தில் பார்த்த அளவு என்று எதுவும் கிடையாது. மனிதன் தொடுகிற பாகங்களை வைத்துத்தான் நம் கண் அதன் அளவைக் கணிக்கிறது: ஏணி, கைப்பிடி, கதவு, விமானி உட்காரும் இடம். 1/144-இல் மனிதன் 12 மி.மீ.தான், அவன் நுழைகிற கதவும் அதற்குத் தக்கபடி இருக்கும். 31 மி.மீ. சிப்பாய் அதில் தலையைக்கூட விட முடியாது. ஆகவே மார்பிலிருக்கும் சின்னக் கதவுக் கோட்டை எம்-சீல் வைத்து மூடிவிடுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டிலிருந்து பெரிய கதவு ஒன்றை வெட்டி மேலே ஒட்டுங்கள், சிப்பாய்க்குப் பொருந்தும் ஏணி ஒன்றைக் காலில் வையுங்கள். இந்த மூன்றையும் செய்தாலே இயந்திரம் உங்கள் படையோடு சேர்ந்துவிடும். 1/72 ராணுவ லாரி, 1/144 விண்கலம் எதற்கும் இதே வேலைதான்.

இந்த ரோபோக்களின் மூட்டு ஆடும். ஆடி ஆடித் தளர்ந்தால் பெயின்டும் உரியும். நிலையை முடிவு செய்துவிட்டு மூட்டுகளில் ஒரு சொட்டு பசை விட்டுப் பூட்டிவிடுங்கள். பாதத்தில் கம்பி செருகி பேஸோடு இணைத்து, பேஸுக்கு அடியில் இரும்பு வாஷர் ஒட்டினால் கவிழாது. 30 மினிட்ஸ் மிஷன்ஸில் ஒரு வசதி உண்டு: பெரும்பாலான இணைப்புகள் 3 மி.மீ. குச்சி, துளை என்று ஒரே அளவில் இருப்பதால் ஒரு கிட்டின் கையை இன்னொன்றில் மாட்டலாம், ஆயுதத்தையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றலாம். விசிவிக் தொல்லை அதோடு தீர்ந்தது.

மலிவு என்று தேடும்போது இன்னொரு சரக்கும் கண்ணில் படும்: அசல் வார்ஹேமர் பொம்மையையே அச்செடுத்து, ரெசின் என்ற இறுகும் திரவத்தில் வார்த்து விற்கும் ரீகாஸ்ட். வேறு கம்பெனி சொந்தமாக வடிவமைத்ததும் இதுவும் ஒன்றல்ல. இது நேரடித் திருட்டு நகல், பல போட்டிகளில் கண்டுபிடித்தால் வெளியே அனுப்புவார்கள். அசல் படமே போட்டு, கால் பங்கு விலை சொல்லி, பெட்டி இல்லாமல் பையில் அனுப்புவதாகச் சொன்னால் தள்ளிப் போய்விடுங்கள். சொந்த வடிவமைப்புக்கும் நகலுக்கும் நடுவே கோடு எங்கே என்று அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 2010-இல் சேப்டர்ஹவுஸ் என்ற சின்ன நிறுவனத்தின் மீது தொடுத்தது. 2013-இல் வந்த ஜூரி தீர்ப்பில் சில விஷயம் இவர்களுக்கும் சில விஷயம் அவர்களுக்கும் சாதகமாக வந்தது. அதை ஒட்டிய வருடங்களிலிருந்து, கடையில் பொம்மை இல்லாத படைப்பிரிவுக்கு விதி எழுதுவதை கேம்ஸ் ஒர்க்‌ஷாப் ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. அதனால்தான் உங்கள் ப்ராக்ஸி எதுவானாலும் இருக்கிற பிரிவு ஒன்றின் பெயரில்தான் ஆட முடியும்.

ஒட்டுவதற்கு முன் என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாகங்கள் மாட்டியிருக்கும் சட்டத்தை, அதாவது ஸ்ப்ரூவை, கொஞ்சம் நறுக்கி அதன்மேல் மாடல் சிமென்ட் என்ற பிளாஸ்டிக் பசை ஒரு சொட்டு விடுங்கள். இளகினால் பாலிஸ்டைரீன், அந்த சிமென்டே போதும், இரண்டு பாகமும் உருகி ஒன்றாகிவிடும். இளகாவிட்டால் ரெசின் அல்லது பி.வி.சி., அதற்கு ஃபெவிக்விக் மாதிரியான பசைதான். ஏ.டி.எம். கார்டுக்கும் அதுவே. ரெசினைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் பெயின்ட் அடித்தால் உரிந்து வரும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வளைந்த பி.வி.சி. துப்பாக்கியை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் அப்படியே நிற்கும். காட்பாடிப் பக்கம் யாராவது 3டி பிரின்டரில் அடித்துத் தந்தால் வாங்கலாம், வடிவமைத்தவர் விற்பனைக்கு உரிமம் கொடுத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். அப்படி அடிக்கப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். சித்திரை வெயிலில் வேலூரில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வரும், படையை வண்டியில் விட்டுப் போகாதீர்கள்.

பெயின்டுக்கு முன் அடிக்கும் ஸ்ப்ரே ப்ரைமருக்கும் நம் ஊர் வெயில் எதிரி. அக்னி நட்சத்திர மதியத்தில் அடித்தால் ப்ரைமர் பொம்மையில் படுவதற்குள் காற்றிலேயே காய்ந்து மணல் மாதிரி படியும். காலை ஆறு ஆறரைக்கு அடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் ஈரக்காற்று என்றால் பூச்சு வெளுத்துப் போகும், அப்போது தூரிகையால் பூசும் ப்ரைமரே நல்லது. பல கம்பெனிப் பொம்மைகள் ஒரே படையாகத் தெரிய வேண்டுமென்றால் ப்ரைமர், தோள்பட்டை நிறம், பேஸ் மூன்றையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைத்துவிடுங்கள். பேஸுக்கு ஃபெவிகால் தடவி எம்-சாண்ட் தூவினால் போதும், அதன் கூரிய துகள்கள் இடிந்த நகரத்துச் சல்லி போலவே தெரியும். மேசைக்குச் சுவர் வேண்டுமென்றால் காலி மாத்திரை அட்டைகள் அருமையான விண்வெளிச் சுவர், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தெரிந்தவர் இருந்தால் மிச்சமாகும் சோல் ஷீட்டைக் கேளுங்கள். தெர்மோகோல் மீது நேரடியாக ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கரைந்துவிடும். ஃபெவிகால் ஒரு கோட் முதலில்.

விலையைக் கணக்குப் போடும்போது கிட் விலையோடு நிறுத்தாதீர்கள். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக வரவழைத்தால் தபால் செலவும் சேர்ந்து "மலிவு" காணாமல் போய்விடலாம். இந்தியக் கடைகளில் இருப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவன் அடுத்த லீவுக்கு வருவதற்குள் எதையும் வாங்க வேண்டாம். 25 மி.மீ. அட்டை வட்டங்கள் இருபதும் 100 மி.மீ. வட்டம் ஒன்றும் வெட்டி, பெயரையும் ஆயுதத்தையும் எழுதி, 44 x 30 அங்குல இடம் இருக்கும் மேசையில் அவனோடு இரண்டு ஆட்டம் ஆடுங்கள். தூரம் அளக்கத் தையல்காரர் டேப்பே போதும். வார்ஹேமர் விதி சிக்கலாகத் தோன்றினால் ஒன் பேஜ் ரூல்ஸின் கிரிம்டார்க் ஃப்யூச்சர் இலவசம், எந்தக் கம்பெனிப் பொம்மையும் அதில் செல்லும். இரண்டு ஆட்டத்துக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஒரு ட்ரூப்பர்ஸ் பெட்டி, ஒரு எச்.ஜி. ரோபோ, பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட ஒரு நல்ல நிப்பர், ஒரு பாட்டில் மாடல் சிமென்ட் வாங்குங்கள். நிப்பரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.