கடலிலிருந்து நேரே கொடைக்கானலுக்கா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்குத் திருமங்கலம். மதுரையில் ஒரு டூவீலர் ஷோரூமில் வேலை பார்க்கிறேன். நீங்கள் கடலைப் பற்றி எழுதுவதைப் படித்துப் படித்து, நண்பர்கள் நாலு பேரும் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது, போவதென்று முடிவு செய்துவிட்டோம். பொங்கல் லீவில் திட்டம். வெள்ளி ராத்திரி கார் எடுத்து ராமேஸ்வரம் போகிறோம். சனி காலை அங்கே ஒருவர் கடலுக்குள் கூட்டிப்போகிறார். மதியம் கிளம்பி மதுரை வழியாக ராத்திரிக்குள் கொடைக்கானல். ஞாயிறு சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுவோம். எனக்கு நீச்சல் நன்றாக வரும். தோட்டத்துக் கிணற்றில் பழகியவன், முங்கினால் ஒன்றரை நிமிடம் மூச்சடக்குவேன். நண்பன் ஒருவனுக்குப் பனிக்காலத்தில் இளைப்பு வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறான். ஃபாரத்தில் அதை எழுதினால் இறக்க மாட்டார்கள், எழுத வேண்டாம் என்று அவனே சொல்கிறான். தங்கச்சி ஒரு பவளப்பாறைத் துண்டு கேட்டிருக்கிறாள், எடுத்து வரலாமா? எல்லாம் நல்லபடியாக அமைந்தால் அடுத்து அந்தமான். அம்மாதான் ரொம்பப் பயப்படுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

அன்புடன்,
கார்த்தி

அன்புள்ள கார்த்தி,

சனி காலையில் கடல், அன்று ராத்திரியே கொடைக்கானல் என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். ராமேஸ்வரம், மதுரை, கொடைக்கானல் என்பது நம் பக்கத்து டிராவல்ஸ்காரர்கள் வருடம் முழுக்க ஓட்டும் பாதை. கோயிலுக்குப் போய்வருகிறவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கடலடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டு வருகிறவர்கள் ஒரே நாளில் போகக்கூடாத பாதை அது.

காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடல்மேல் அழுத்தம் இரு மடங்காகும், 20 மீட்டரில் மும்மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது வழக்கத்தைவிடக் கூடுதலான நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் போய்க் கரையும். மேலே வந்தபின் அது நுரையீரல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் வெளியழுத்தம் இன்னும் குறைந்தால், கரைந்திருப்பது உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரியும். தோளிலும் முழங்கையிலும் வலி வரும், தோலில் அரிப்பும் திட்டும் தோன்றும். தண்டுவடத்தைத் தாக்கினால் கால் மரத்துப்போகும், சிறுநீர் கழிக்க முடியாமல் போகும். 1870களில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் இறங்கி அஸ்திவாரம் போட்ட தொழிலாளர்கள் இந்த நோயில்தான் விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் தப்பவில்லை.

இதனால்தான் ஸ்கூபா முடித்தவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது என்ற விதி இருக்கிறது. ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும். அனுபவசாலிகள் ஒரு முழு நாள் விடுகிறார்கள். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அப்படியென்றால் வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறுவதும் விமானத்தில் ஏறுவதும் உங்கள் உடலுக்கு ஒன்றுதான். முதல்முறை இறங்குகிறவர்களை அதிக ஆழத்துக்குக் கூட்டிப்போக மாட்டார்கள், சேரும் நைட்ரஜனும் குறைவாகத்தான் இருக்கும் என்பது உண்மை. அதற்காக, முதல் பயணத்திலேயே விதியை மீறிப் பழக வேண்டாம். வலி வந்தால் சுத்தமான ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் வேண்டும். நடுராத்திரியில் மலைமேல் அதற்கு எங்கே போவீர்கள்?

மாற்று வழி எளிது. மதுரை சமவெளி. ராமேஸ்வரத்திலிருந்து இங்கே வரும் சாலையில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கடலிலிருந்து வந்து ஒரு நாள் முழுக்க ஊரில் இருங்கள், கொடைக்கானலுக்கு அடுத்த நாள் ஏறுங்கள். லீவு போதாதென்றால் கொடைக்கானலை இன்னொரு மாதத்துக்குத் தள்ளுங்கள். மலைக்கு முதலில் போய்விட்டுக் கடலுக்கு வரலாமே என்று கேட்பீர்கள். அழுத்தக் கணக்குப்படி அதில் தவறில்லை. ஆனால் கொடைக்கானல் குளிரில் சளி பிடித்தால் கடல் போச்சு. மூக்கடைப்போடு இறங்கினால் காதுக்குள் அழுத்தம் சமமாகாது. வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கியவர்களுக்குச் செவிப்பறை கிழிந்திருக்கிறது. இறங்கத் தொடங்கியதிலிருந்தே, வலி வரும்முன், மூக்கைப் பிடித்து மெல்லக் காற்றை ஊதிக் காதைத் திறந்துகொண்டே போக வேண்டும். திறக்காவிட்டால் சற்று மேலே வந்து மறுபடி முயல வேண்டும். அப்போதும் திறக்கவில்லையா, அன்றைக்கு அவ்வளவுதான், படகுக்குத் திரும்பிவிடுங்கள்.

காது தவிர, ஸ்கூபாவில் பெரிய ஆபத்துகள் இறங்குவதைவிட ஏறுவதில்தான் இருக்கின்றன. உங்கள் கிணற்று நீச்சலைப் பற்றி எனக்குள்ள கவலையும் அதுதான். கிணற்றில் தண்ணீருக்கு மேலே மூச்சை இழுத்துக்கொண்டு முங்குகிறீர்கள். உள்ளே போகப் போக அந்தக் காற்று சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும், அதற்கு மேல் விரியாது. மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டாக முத்துக்குளித்தவர்களும் அப்படித்தான் மூச்சடக்கினார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். ஸ்கூபாவில் நீங்கள் 10 மீட்டர் ஆழத்தில், இரு மடங்கு அழுத்தத்திலுள்ள காற்றை இழுக்கிறீர்கள். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு பங்காக விரியும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. திசு கிழிந்து காற்று இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். நெஞ்சு நிறையக் காற்றோடு மூச்சடக்கினால் ஒன்றரை மீட்டர் ஏற்றம்கூட இதற்குப் போதும். அதனால்தான் எந்தப் பயிற்சியிலும் முதலில் சொல்வது மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது.

ஒன்றரை நிமிடம் அடக்குவது பெரிய திறமை, மறுக்கவில்லை. ஆனால் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து பயம் வந்தால், சிறு வயதிலிருந்து பழகிய உடம்பு தானாகவே மூச்சை அடக்கிக் காலை உதைத்து மேலே பாயும். பயிற்றுநரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரிலேயே மவுத்பீஸை எடுத்துவிட்டு மறுபடி வைப்பது, மாஸ்க் தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது இரண்டும் பதற்றமில்லாமல் வரும்வரை ஆழத்துக்குப் போகாதீர்கள். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆழமாகப் போய் வருகிறவர்கள் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டு மேலே வருவார்கள். இன்னொன்று, கட்டைவிரலை உயர்த்தினால் கடலுக்குள் ‘மேலே போகலாம்’ என்று பொருள். ‘சூப்பர்’ என்று காட்ட நினைத்து நீங்கள் அதைச் செய்தால் பயிற்றுநர் உங்களை மேலே கொண்டுவந்துவிடுவார். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்.

உங்கள் நண்பர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இளைப்பு உள்ளவருக்கு மூச்சுக்குழாய்கள் சுருங்கினால் காற்று உள்ளே அடைபடும். அவர் மூச்சை அடக்காவிட்டாலும் அடக்கியதைப் போலத்தான், ஏறும்போது அதே கிழிசல் நேரலாம். போதாததற்கு சிலிண்டர் காற்று வறண்டது, அதுவே சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். இளைப்பு இருந்தாலே ஸ்கூபா கூடாது என்றில்லை. நெஞ்சுநோய் மருத்துவர் மூச்சுத்திறன் சோதனை செய்து எழுத்தில் சம்மதம் தந்தால் இறங்கலாம். ஃபாரத்தில் மறைத்தால், ஏமாந்து நிற்கப்போவது தண்ணீருக்குள் அவரைக் காப்பாற்ற வேண்டிய ஆள்தான். நீங்கள் மூன்று பேரும் அவருக்காக அந்தப் பொய்க்குத் துணைபோகாதீர்கள்.

தேதியைப் பற்றியும் ஒன்று. பொங்கல் சமயத்தில் வாடை இன்னும் ஓய்ந்திருக்காது. பாம்பன் பக்கத்தில் வடகடல் என்று சொல்கிற பாக் விரிகுடா அப்போது கலங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். இரண்டுக்கும் நடுவே, மாசி பங்குனியில் தண்ணீர் தெளிந்து நிற்கிற நாட்கள் வரும். பொறுக்க முடிந்தால் அதுவரை பொறுங்கள்.

கூட்டிப்போகிறவரிடம் விலையை விசாரிப்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். பயிற்றுநரின் சான்றிதழ் நடப்பில் உள்ளதா? ஒருவர் எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு இறங்குவார்? நீங்கள் முதல்முறை இறங்குகிறவர்கள், ஆளுக்கு ஒருவர் என்றால் நல்லது. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? நீங்கள் உள்ளே இருக்கும்போது படகில் ஆள் இருப்பாரா? முத்துக்குளித்த காலத்தில் மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்று நம்பினார்கள். அந்த அளவுக்கு நம்ப முடிகிற ஆள் மேலே இருக்க வேண்டும். சிலிண்டர் காற்றில் புகை நாற்றமோ எண்ணெய் நாற்றமோ வந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, இறங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் போவதானால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மழுப்பினால் அந்த ஆள் வேண்டாம்.

தங்கச்சி கேட்ட துண்டு வேண்டவே வேண்டாம். உயிருள்ளதோ செத்ததோ, பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பிடிபட்டால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இந்தக் கடலில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதில், 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்கடியில் போய்விட்டன. மிச்சம் இருப்பதும் 2010இலும் 2016இலும் வெப்பம் தாங்காமல் வெளுத்தது. உருண்டைப் பவளங்கள் ஒரு வருடத்தில் வளர்வது ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான். காலில் மாட்டும் துடுப்பான உங்கள் ஃபின்ஸ் ஒருமுறை தட்டினால் உடைவது பல வருட வளர்ச்சி. தட்டாவிட்டாலும் அடிமணலைக் கிளப்பினால் அது பவளத்தின்மேல் படிந்து மூடும். எடையைச் சரியாகக் கட்டி, மூச்சின் ஏற்ற இறக்கத்தாலேயே மிதக்கக் கற்றுக்கொள்ளும்வரை பாறையிலிருந்து தள்ளியே இருங்கள். கையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள். போட்டோவுக்காக ஆமையைத் துரத்த வேண்டாம். சன்ஸ்கிரீனில் உள்ள ஆக்சிபென்சோன் பவளத்தைக் கெடுக்கும் என்று பலாவ் நாடும் ஹவாயும் அதற்குத் தடை போட்டிருக்கின்றன. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் அந்தக் களிம்பு பெருமளவு தேவைப்படாது.

அந்தமான் போவதானால் ஒரு நாள் அனுபவத்தோடு நிறுத்தாமல், மூன்று நான்கு நாள் தங்கி ஓபன் வாட்டர் என்கிற முதல்நிலை ஸ்கூபா பயிற்சியை முடியுங்கள். 18 மீட்டர் வரை போகலாம், அதைவிட முக்கியமாக, பக்கத்தில் இருப்பவருக்கு உதவக் கற்றுக்கொள்வீர்கள். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளை இறங்காமல் காலியாக விடுங்கள். பயணக் காப்பீடு எடுத்தால் அதில் ஸ்கூபா சேருமா என்று படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் சேராது.

அம்மாவிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. எந்த ஊர், எந்தப் படகு, யார் கூட்டிப்போகிறார், அவர் நம்பர் என்ன, எத்தனை மணிக்குக் கரையேறிப் போன் செய்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு அழையுங்கள். நண்பரை இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், தேதியை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா