கேளுங்கள் சிற்பியிடம்: பெயரில்லாத நாலு பேர்

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் படிக்கிறேன். தினமும் உழைப்பாளர் சிலை நிறுத்தத்தில்தான் இறங்குகிறேன். எல்லோரும் அந்தச் சிலையைப் புகழ்கிறார்கள். எனக்கு நாலு பேர் பாறையைத் தள்ளுவதாகத்தான் தெரிகிறது. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?
– முதுகலை மாணவி, சென்னை

பதில்: நாலு பேர் பாறையைத் தள்ளுகிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்கு மேல் எதையும் அதில் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி பார்த்தால் பாதிச் சிலைதான் கிடைக்கும். ஒருநாள் சாலையைக் கடந்து போய் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முகங்களை விட்டுவிடுங்கள். முதுகையும் காலையும் மட்டும் பாருங்கள். பாரம் யார் மேல் விழுகிறது, அதை எந்தக் கால் வாங்குகிறது என்று தேடுங்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929-லிருந்து 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியை நடத்தியவர். மல்யுத்தம் பழகியவரும்கூட. எந்தத் தசை எப்போது இறுகும் என்பதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

1959-இல் இந்தச் சிலை அங்கே வந்தது. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது சென்னையில்தான், 1923-இல், சிங்காரவேலர் முயற்சியில். அதற்காகக் கூடிய இடங்களில் ஒன்று இதே கடற்கரை. ஆகவே சிலை பொருத்தமான மண்ணில்தான் நிற்கிறது.

அங்கிருந்து அப்படியே தெற்கே நடந்தால் 1968 உலகத் தமிழ் மாநாட்டுச் சிலைகள் வரும். ஔவை, வள்ளுவர், கம்பர், பாரதி, கால்டுவெல், போப் என்று வரிசையாக நிற்கிறார்கள். சில நன்றாகவே இருக்கின்றன. சில, குரூப் போட்டோவுக்கு நின்ற மாதிரி விறைப்பு. எல்லாவற்றுக்கும் பீடத்தில் பெயர் உண்டு. உழைப்பாளர்களுக்கு மட்டும் கிடையாது. ஓவியப் பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவர் மாதிரியாக நின்றார் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், நம் ஊரில் பொது இடத்தில் இருக்கும் சிலைகளில் இதற்குத்தான் முதலிடம்.

கேள்வி: சென்னையில் இருக்கும் பழைய ஆங்கிலேய கவர்னர் மன்றோ சிலையில் குதிரைக்குச் சேணம் வைக்க மறந்துவிட்டதால் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று கைடு ஒருவர் சொன்னார். உண்மையா?
– வாசகர், வேலூர்

பதில்: கதை சுவையாக இருக்கிறது, அவ்வளவுதான். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை சென்னையில் திறக்கப்பட்டது 1839-இல். அவர் 1841-இல் இயற்கையாகவே இறந்தார். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் குதிரை மேல் இருக்கும் நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையும் இவர் செய்ததுதான். அதிலும் சேணம் கிடையாது, கால் ஊன்றும் அங்கவடியும் கிடையாது. ராஜாவுக்குமா மறந்திருப்பார்? ரோமில் மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியின் பழைய வெண்கலச் சிலை இருக்கிறது. அவரும் அங்கவடி இல்லாமல் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் கல்லூரி வாசலில் பழைய சிமெண்ட் காந்தி சிலை இருக்கிறது. வருஷா வருஷம் அக்டோபர் 2-க்கு முன்னால் வெள்ளி பெயிண்ட் அடிக்கிறோம். இப்போது காலில் வெடிப்பு. என்ன செய்யலாம்?
– விரிவுரையாளர், நாகப்பட்டினம்

பதில்: முதலில் பெயிண்ட் டப்பாவை மூடி வையுங்கள். ஒவ்வொரு பூச்சும் சிற்பி கீறிய கோட்டில் கொஞ்சம் நிரப்பும். இருபது வருஷம் போனால் கண்ணிமை, விரலிடுக்கு, வேட்டி மடிப்பு எல்லாம் மழுங்கிவிடும். ஒரு மூலையில் உரித்துப் பாருங்கள், மிட்டாய் மாதிரி அடுக்கடுக்காக வரும்.

வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பி. உங்களுடையது கடலோர ஊர், காற்றிலேயே உப்பு. அது ஈரத்தோடு சிமெண்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் சிமெண்ட் பிளக்கும். பெயிண்ட் மேலே மூடிக்கொண்டால் உள்ளே போன ஈரம் வெளியேறவும் வழியில்லை. வெடிப்பில் வெறுமனே சிமெண்ட் பூசினால் அடுத்த மழைக்கு அதுவும் பெயர்ந்துவிடும். பாதித்த இடத்தைத் திறந்து, கம்பியைச் சுத்தம் செய்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். இது கொத்தனார் வேலை இல்லை, சிற்பம் பழுதுபார்த்துப் பழகியவரைக் கூப்பிடுங்கள்.

வெண்கலச் சிலை வைத்திருக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை: புளி, எலுமிச்சை, பிராஸோ எதுவும் வேண்டாம். மென்மையான பிரஷ், நல்ல தண்ணீர், நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு. போதும்.

கேள்வி: வெள்ளி விழாவுக்கு வளாகத்தில் ஒரு சிலை வைக்கப் போகிறோம். யார் சிலை வைக்கலாம்?
– முன்னாள் மாணவர், மதுரை

பதில்: 'யார்' என்பதை விட்டுவிடுங்கள். வங்காளத்துச் சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பத்தைச் செய்து வைத்தார். மூட்டை முடிச்சோடு, பிள்ளையும் நாயுமாக இடம்பெயரும் குடும்பம். சிமெண்டும் செம்பாறைச் சரளையும்தான் பொருள். சரளை வெளியே தெரிய, சொரசொரவென்று அப்படியே விட்டிருக்கிறார். 1956-இல் இன்னொன்று செய்தார். ஆலைச் சங்கு ஊதியதும் இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள், பின்னால் ஒரு பையன். நனைந்த சேலையை ஓடுகிற காற்றிலேயே காயவைத்துக்கொண்டு போகிறார்கள். இத்தனைக்கும் அங்கே தலைவர்களுக்குப் பஞ்சமா? தாகூரே இருந்த இடம்!

உங்கள் வளாகத்திலும் அப்படி யாராவது இருப்பார்கள், தேடுங்கள். பணத்தைக் கிரானைட் பீடத்தில் கொட்டாமல் சிற்பிக்குக் கொடுங்கள். பீடம் இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். அப்புறம் திறப்பு விழாக் கல்வெட்டில் சிற்பியின் பெயரையும் வெட்டச் சொல்லுங்கள். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து கடைசி வரியில் இடம் கிடைத்தாலும் சரி.