வளவுக்கும் ஏரிக்கும் இடையே 400 மீட்டர்

கேள்வி: ஒன்ராறியோவில் மார்க்கம் நகரில் வசிக்கிறேன். கவார்த்தா ஏரிகள் பக்கம் எங்களுக்கு ஒரு கொட்டேஜ், அதாவது விடுமுறை வீடு, இருக்கிறது. வளவுக்குள் விறகு இழுப்பதற்காக 700 சிசி ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கி, என் பெயரில் பதிவும் செய்தேன். வீதிக்குக் கொண்டுபோவதில்லை என்பதால் காப்புறுதி எடுக்கவில்லை. ஒன்பது நாட்களுக்கு முன் அத்தான் தன் 18 அடி ஃபைபர் படகை ட்ரெய்லரில் கொண்டுவந்தார். அவருடைய காரைக் கழற்றிவிட்டு, என் ஏடிவியில் ட்ரெய்லரைப் பூட்டி, 400 மீட்டர் தள்ளியிருக்கும் படகுத் துறைக்கு நான் ஓட்டிச் சென்றேன். அக்காவின் மகன், 11 வயது, படகுக்குள் இருந்தான். இறக்கத்தில் எதிரே ஒரு கார் நடுவீதியில் வந்தது. பிரேக் பிடித்ததும் ட்ரெய்லர் என்னைத் தள்ளி மடக்கிவிட்டது. எனக்குக் கால் முறிந்தது, மருமகனுக்குக் கை முறிந்தது. கார் நிற்காமல் போகவில்லை. அந்தச் சாரதியின் விபரம் இருக்கிறது. மருத்துவமனையில் வளவுக்குள் விழுந்ததாகச் சொல்லிவிட்டோம். பொலிஸாருக்கோ காப்புறுதிக்கோ எதுவும் அறிவிக்கவில்லை. அந்தச் சாரதிமீது வழக்குப் போடலாமா? மருமகனின் சிகிச்சைச் செலவுக்கு என்ன வழி?

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 2014ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு விவசாயியின் வழக்கு. தன் பண்ணை வேலைக்காகப் பொது வீதியில் ஏடிவி ஓட்டிச் சென்றவர்மீது ட்ரக் மோதியது. மிக மோசமான காயங்கள். ஏடிவிக்குக் காப்புறுதி இல்லை. அது விவசாயக் கருவிதானே, அதற்குக் காப்புறுதி எதற்கு என்று அவர் தரப்பு வாதிட்டது. கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஏடிவி ஏடிவிதான், பொது வீதியில் ஏறினால் காப்புறுதி கட்டாயம் என்றது. அதனால் மோதியவரிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமையையே அவர் இழந்தார். பிழை யாருடையது என்ற கேள்விக்கே அங்கே இடம் இல்லாமல் போயிற்று.

ஒன்ராறியோ காப்புறுதிச் சட்டத்தின் 267.6ஆம் பிரிவு செய்யும் வேலை இது. காப்புறுதி இல்லாத தன் வாகனத்தைப் பொது வீதியில் ஓட்டிய உரிமையாளர், அந்த விபத்தில் தனக்கு ஏற்பட்ட உடற்காயத்துக்காக எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது. எதிரே வந்த சாரதி நடுவீதியில் வந்தது உண்மையாக இருந்தாலும், உங்கள் காலுக்கு அவரிடம் கேட்பதற்கு வழி இல்லை. கடுமையான சட்டம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இன்று நடைமுறையில் இருப்பது அதுதான்.

ஒரே ஒரு கதவு திறந்திருக்கலாம்: அந்த 400 மீட்டர் யாருடைய வீதி? கொட்டேஜ் பகுதிகளில் பல பாதைகள் நகரசபைக்குச் சொந்தமானவை அல்ல. காணிக்காரர்கள் சேர்ந்து பராமரிக்கும் தனியார் பாதைகள். உங்களுடையது அப்படியானால், 267.6 உங்களைத் தடுக்காது என்று வாதிட இடம் உண்டு. முடிவு உறுதியானதல்ல, ஏனெனில் பொதுமக்கள் வாகனங்கள் வழக்கமாகப் போய்வரும் பாதையையும் நீதிமன்றம் பொது வீதியாகக் கருதக்கூடும். சாலைக்கு வெளியே ஓட்டும் வாகனங்களுக்கான தனிச்சட்டமும் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு காப்புறுதி விலக்குக் கொடுப்பது வாகன உரிமையாளர் தம் வசம் வைத்திருக்கும் காணிக்கு மட்டுமே. “வீதிக்குக் கொண்டுபோவதில்லை” என்ற உங்கள் கணக்கு உங்கள் வேலியோடு முடிந்துவிடுகிறது. நகரசபை அலுவலகத்தில் அந்தப் பாதை நகரசபை பொறுப்பேற்ற வீதியா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உங்கள் வழக்கில் அதைவிடப் பெறுமதியான காகிதம் எதுவும் இல்லை.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மருமகனின் வழக்கு அதில்தான் நிற்கும். 700 சிசி ஏடிவி ஒன்றின் இழுவைக் கொள்ளளவு சுமார் 600 கிலோ. 18 அடி ஃபைபர் படகு, இயந்திரம், எரிபொருள், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்தால் 1,300, 1,400 கிலோவைத் தொடலாம். மட்டமான தரையில் ஏடிவி இதை இழுத்துவிடும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிறுத்துவதுதான் முடியாத காரியம். ஓட்டுபவரோடு சேர்த்து 400 கிலோ அளவுள்ள வண்டியை அதைப்போல மூன்று மடங்குப் பாரம் இறக்கத்தில் தள்ளும்போது, பிரேக் பிடித்தால் பின்பக்கம் மடங்கும். மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்கிறது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம். அத்தானின் ட்ரெய்லர் பிரேக் மின்சாரத்தில் இயங்குவதென்றால், காரிலிருந்து கழற்றியபோதே அது செயலிழந்திருக்கும். ஏடிவியின் கையேட்டைப் பத்திரமாக வையுங்கள், ட்ரெய்லரின் எடைத் தகட்டைப் படம் எடுங்கள். இவை உங்களுக்கு எதிரான சான்றுகளாகவும் அமையலாம், ஆனாலும் எதையும் அகற்றாதீர்கள். படகுக்குள் ஆள் இருக்க, அதை வீதியில் இழுத்துச் செல்வதை அதே சட்டத்தின் 188ஆம் பிரிவு நேரடியாகவே தடை செய்கிறது.

பிள்ளையின் விடயத்தில் நிலைமை வேறு. இதில் எனக்கு உண்மையான நிம்மதி. காப்புறுதி எடுக்காத தவறு அவனுடையது அல்ல. அக்காவோ அத்தானோ கார்க் காப்புறுதி வைத்திருந்தால், பெற்றோரில் தங்கியிருக்கும் பிள்ளை என்ற முறையில் அவனுக்கு அதிலிருந்து விபத்து நன்மைகள், அதாவது பிழை யாருடையது என்று பாராமல் சிகிச்சை போன்றவற்றுக்குக் கொடுக்கும் பணம், கிடைக்கும். அதற்கு மேல் நஷ்டஈட்டுக்கு, காப்புறுதி இல்லாத வாகனத்தால் காயப்பட்டவருக்கான பாதுகாப்பு அதே பத்திரத்தில் 200,000 டொலர் வரை இருக்கிறது. அதைக் கொடுக்கும் நிறுவனம் பின்னர் உங்களிடம் அறவிட முடியும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எதிரே வந்த சாரதியின் பங்கையும் பிள்ளையின் சார்பில் கேட்கலாம். பிள்ளையைப் படகில் ஏறவிட்டதில் அத்தானுக்கும் பொறுப்பு இருக்கலாம் என்பதால், வழக்குப் பாதுகாவலராக, அதாவது பிள்ளையின் சார்பில் வழக்கை நடத்துபவராக, அக்கா நிற்பதே நல்லது. அவருக்கும் உங்களுக்கும் ஒரே சட்டத்தரணி வேண்டாம். நான் உங்களுக்கு ஆலோசனை சொன்னால், அக்காவுக்காக நிற்க மாட்டேன். குடும்பத்துக்குள் இது கசப்பாகத் தோன்றும். பிள்ளையின் கைக்கான பணத்தைத் தடுக்காமல் இருப்பதே நீங்கள் அவனுக்குச் செய்யக்கூடிய உதவி என்று அக்காவிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

உங்களுக்கு எதுவுமே இல்லையா? உங்கள் கார்க் காப்புறுதியிலிருந்து மருத்துவமும் புனர்வாழ்வும் கேட்கலாம். கால் முறிவு, சுளுக்குப் போன்றவற்றுக்கான சிறுகாயப் பிரிவுக்குள் அடங்காது என்பதால் பொதுவாக 65,000 டொலர் வரை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கான வருமான ஈடு, காப்புறுதி இல்லை என்று தெரிந்தே ஓட்டியதால், கிடைக்காது.

இந்த நன்மைகளுக்காகக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்க ஏழு நாட்கள் என்பது விதி. இரண்டு நாட்கள் தாண்டிவிட்டது. நியாயமான காரணம் சொன்னால் தாமதம் உரிமையை அழித்துவிடாது, ஆனால் இன்றே அறிவியுங்கள், அக்காவையும் அறிவிக்கச் சொல்லுங்கள். நிறுவனம் அனுப்பும் விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தபின் 30 நாட்களில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மருமகனுக்காக வழக்குத் தொடரும் எண்ணத்தை எதிர்த்தரப்புக்கு விபத்திலிருந்து 120 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிப்பது வழக்கம்.

மருத்துவமனையில் சொன்னதைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். வளவுக்குள் விழுந்ததாக அந்தப் பதிவு நின்றால், மருமகனின் கோரிக்கை முதல் வாரத்திலேயே சந்தேகத்துக்கு உள்ளாகும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அதே கதையைச் சொன்னால் அது தனிக் குற்றம். பயத்தில் அப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. காயம் ஏற்பட்ட வீதி விபத்தை உடனடியாகப் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். காப்புறுதியின்றி ஓட்டியதற்கு முதல் தடவையே 5,000 முதல் 25,000 டொலர் வரை தண்டம் வரக்கூடும் என்பதால், பொலிஸாரிடம் போவதற்கு முன் உங்களுக்கென ஒரு சட்டத்தரணியை அமர்த்தி, அவர் துணையோடு அறிக்கை கொடுங்கள். இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். அதன்பின் குடும்ப மருத்துவரிடம் போய், காயம் வீதியில் ஏற்பட்டது என்று உங்கள் கோப்பிலும் மருமகனின் கோப்பிலும் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.