இடவப்பாதிக்கு முன்னால் மணிக்கு ஒரு பை

கேள்வி: கேரளத்தில் வண்டிப்பெரியாரில் ஆற்றுக்குப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். மணி என்று ஒரு நாட்டு நாய், ஐந்து வயது, பதினாறு கிலோ. போன மழையில் அணை ஷட்டரைத் திறக்கப் போகிறார்கள் என்று ராத்திரி மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மணி இடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இழுத்தால் உறுமுகிறான். நானும் பிள்ளைகளும் கிளம்பிவிட்டோம், வீட்டுக்காரர் அவனோடு தங்கிவிட்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷம் இடவப்பாதியில் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில்) அப்படி ஆகக் கூடாது. வாட்ஸ்அப்பில் நாய்க்கான அவசரப் பெட்டி என்று நாற்பது சாமான் எழுதிய லிஸ்ட் வந்தது. எல்லாம் வாங்க வேண்டுமா? — ஒரு வாசகி

பதில்: வேண்டாம். அந்த மாதிரி லிஸ்டுகள் பெரும்பாலும் சொந்தக் காரும், கூண்டு வைக்க இடமும் இருக்கிற வீடுகளுக்கு எழுதியவை. உங்களுக்கு ஒரு பழைய ஸ்கூல் பை போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போன வருஷம் உங்களிடம் நாற்பது சாமானும் இருந்திருந்தாலும் வீட்டுக்காரர் தங்கித்தான் இருப்பார். மணியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்க முடியவில்லையே! எனவே பைக்கு முன்னால் மணியைப் பிடிக்கிற வழியைப் பார்ப்போம்.

இடிக்குப் பயந்த நாயைக் கழுத்தில் கை போட்டு இழுத்தால் கடிக்கும், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி. கட்டிலுக்கு அடியில் அது போகிற மூலை எதுவென்று உங்களுக்குத் தெரியும். மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கத்தைச் சாமான் வைத்து அடைத்துவிடுங்கள். பதிலுக்கு, கை எட்டுகிற இடத்தில் ஒரு சாக்கும் பழைய போர்வையும் போட்டு ஒளிந்துகொள்ள வேறு மூலை கொடுங்கள். சோற்றை அங்கேயே வையுங்கள், சில நாளில் பழகிவிடும். மழை கனக்கிற ராத்திரிகளில் கழுத்துப்பட்டையோடு ஆறடிக் கயிறு ஒன்றைக் கோத்து, ஆள் வீட்டில் இருக்கும்போது மட்டும் இழுத்துத் திரிய விடுங்கள். அப்போது நாயைப் பிடிக்க வேண்டாம், கயிற்று நுனியைப் பிடித்தால் போதும். மணியின் பயம் நடுக்கம், எச்சில் ஒழுகுவது என்கிற அளவுக்குப் போகும் என்றால் பதற்றத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. அதை மருத்துவர்தான் எடை பார்த்து எழுதித் தர வேண்டும். வாங்கியதை ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் கழித்து வேலை செய்கிறது, நடக்கத் தள்ளாடுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது வாய்க்கட்டு. பைக்குள் முதலில் போக வேண்டிய சாமான் இதுதான். அடிபட்ட நாயைத் தூக்கப் போய்க் கடி வாங்கியவர்களில் அதை வளர்த்தவர்களும் உண்டு. கடையில் கிடைக்கிற கூடை மாதிரி வாய்க்கட்டு நல்லது, அதைப் போட்டபடியே நாய் மூச்சு வாங்கும், தண்ணீரும் குடிக்கும். அது இல்லையென்றால் இரண்டு அங்குல அகலத்தில் நாலடி நீளத் துணிப்பட்டை போதும். நடுவில் சுருக்குப் போட்டு மூக்கின் மேல் மாட்டி இறுக்குங்கள். இரண்டு நுனியையும் தாடைக்கு அடியில் கொண்டுபோய்க் குறுக்காக மாற்றி, காதுக்குப் பின்னால், ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடுங்கள். வாந்தி எடுக்கிற நாய்க்கும், மூச்சுத் திணறுகிற நாய்க்கும், மயங்கிக் கிடக்கிற நாய்க்கும் எந்த வாய்க்கட்டும் கூடாது. துணிக்கட்டைச் சில நிமிஷத்துக்கு மேல் விடவும் கூடாது, ஏனென்றால் நாய்க்கு உடம்புச் சூடு முக்கியமாக நாக்கு வழியாகத்தான் தணிகிறது. சும்மா இருக்கிற நாளில் நாலு தடவை கட்டி அவிழ்த்துப் பழகுங்கள். அப்படியும் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுத்துப்பட்டையிலேயே போன் நம்பர் இருக்க வேண்டும். அழியாத மார்க்கரால் பட்டையின் மேலேயே எழுதினாலும் போதும். உங்கள் நம்பரோடு, மழை இல்லாத ஊரில் இருக்கிற சொந்தக்காரர் நம்பரும் ஒன்று. லயத்தில் கரண்டும் டவரும் போனால் உங்கள் போன் அடிக்காது, கம்பத்திலோ தேனியிலோ இருக்கிறவர் போன் அடிக்கும். அணைத் தண்ணீர் வருகிறது என்றால் கிளம்பக் கொஞ்சமாவது நேரம் கிடைக்கும். மண் சரிவு அப்படி இல்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோன சரிவில், பையைத் தூக்க யாருக்கு நேரம் இருந்தது? அங்கே மிஞ்சிய குவி என்ற நாய், தன் வீட்டுக் குழந்தையின் உடலை ஆற்றில் கண்டுபிடிக்க வழிகாட்டியதும், பிறகு போலீஸ் நாய்ப்படை அதை எடுத்துப் போனதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆளும் நாயும் வேறு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டால் பை உதவாது, கழுத்தில் இருக்கிற நம்பர்தான் உதவும். மழை நாளில் அதைக் கழற்றாதீர்கள்.

சரி, இப்போது பை.

காகிதங்களை ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தோடு. பஞ்சாயத்து லைசென்ஸ். நீங்களும் மணியும் சேர்ந்து நிற்கிற ஒரு போட்டோ, பிரிண்ட் போட்டது. நாய் தொலைந்து எங்காவது கிடைத்தால் உங்களுடையதுதான் என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கம்பத்தில் ஊசி போட்டு, லைசென்ஸ் கேரளப் பஞ்சாயத்தில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழில் கையால் எழுதிய சீட்டை அங்கே படிக்கத் திணறுவார்கள். ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி, டாக்டரின் பதிவு எண், சீல் எல்லாம் தெளிவாக இருக்கிற கார்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி. மணிக்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு மூன்று லிட்டர். வெள்ளத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். சாப்பாட்டில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வருஷம் முழுக்கச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்ட நாய்க்கு, முகாமில் முதல் தடவையாக உலர் தீனியைக் கொட்டினால் வயிறு போகும். போகிற வயிற்றோடு அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் மூன்று நாள் இருப்பது உங்களுக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம். இப்போதிருந்தே வாரத்தில் இரண்டு நாள் ஒரு கைப்பிடி தீனியைச் சோற்றோடு கலந்து பழக்குங்கள். மூன்று நாளைக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். மூடி இறுகிய டப்பாவில் போட்டு, மாதம் ஒரு முறை பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். நம் மழையில் பிரித்த பாக்கெட் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

மருந்துப் பக்கத்தில் நான் கஞ்சன். அரை லிட்டர் சலைன் புட்டி, பெட்டாடின் சின்னப் புட்டி, காஸ் துணிச் சுருள், கிரேப் பேண்டேஜ், ஒட்டுப்பட்டை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், சாமணம், கையுறை இரண்டு ஜோடி, டிஜிட்டல் தெர்மாமீட்டர். பெட்டாடினை அப்படியே ஊற்றக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நீர்த்த கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறம் வந்ததும் நிறுத்துங்கள், அதுதான் புண் கழுவுகிற பதம். திறந்த புண்ணில் பஞ்சை வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். தெர்மாமீட்டர் நாய்க்கு ஆசனவாயில் வைப்பது, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. மனுஷக் கணக்கில் 101 காய்ச்சல், நாய்க்கு அது ஒன்றுமே இல்லை. 104-ஐத் தொட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். மூக்கு ஈரமா காய்ந்ததா என்று பார்ப்பதில் பயன் இல்லை. அதைவிட ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறே வெள்ளையாக இருந்தால் உள்ளே ரத்தம் போகிறது அல்லது ரத்த ஓட்டம் தளர்கிறது என்று பொருள், அப்புறம் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

உங்கள் வீட்டு மாத்திரைகளிலிருந்து ஒன்றுகூட அந்தப் பைக்குள் போகக் கூடாது. ஐபுபுரூஃபென், டைக்ளோபினாக் இரண்டும் நாய்க்குக் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் கல்லீரலுக்கு ஆபத்து. நொண்டுகிறது என்று இரக்கப்பட்டுக் கொடுத்த ஒரு மாத்திரைக்குப் பிறகு, கருப்பாக வாந்தி எடுக்கிற நாயைத் தூக்கி வருகிறவர்களை மழைக்காலத்தில் வழக்கமாகப் பார்க்கிறேன்.

ரத்தம் உறிஞ்சுகிற அட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேயிலைக்குள் ஓடுகிற நாய்க்கு அது உண்டு. துணியில் முடிந்த உப்பை லேசாக ஒற்றினால் விழுந்துவிடும். புகையிலையும் சுண்ணாம்பும் நம் கால்களோடு நிற்கட்டும். நாய் நக்கும், புகையிலை அதற்கு விஷம், சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கிவிடும். அட்டை விழுந்த இடத்தில் ரத்தம் ரொம்ப நேரம் கசிவது இயல்பு, காஸ் வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஒரே ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ரத்தம் வந்து, நாய் தும்மித் தும்மித் தலையை உதறினால் உள்ளே அட்டை இருக்கலாம். அங்கே உப்பைப் போடாதீர்கள். தெளிந்த தண்ணீரை அகலப் பாத்திரத்தில் மூக்குக்கு அருகே வைத்தால் சில சமயம் அட்டை தலையை நீட்டும், சாமணத்தால் பிடித்துவிடலாம். நீட்டாவிட்டால் மருத்துவரிடம் விடுங்கள்.

பாம்புக்கடிக்குப் பையில் வைக்க எதுவும் இல்லை. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் கெடுதல். நாயை நடக்க விடாமல் போர்வையில் தூக்கிக்கொண்டு போங்கள். நம் நாட்டு விஷமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் தயாரித்தது. எஸ்டேட்டில் கிடக்கிற குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது, அந்தக் கடிக்கு மற்ற சிகிச்சைதான். எல்லா மிருக ஆஸ்பத்திரியிலும் மருந்து கையிருப்பு இருக்காது, கிளம்பும்போதே போன் பண்ணிக் கேளுங்கள். பூச்சிமருந்து நக்கி எச்சில் ஒழுகி நடுங்கினாலும் இதே அவசரம்தான். வாந்தி எடுக்க வைக்காமல், மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

பைக்குள் ஒரு தாளில் நம்பர்களை எழுதி வையுங்கள், போனை நம்பாதீர்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962, இரண்டு மாநிலத்திலும் அதே எண். கேரளத்தில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. குமுளி, பீர்மேடு பக்கம் ஒரு மருத்துவர், கீழே கம்பத்தில் ஒருவர். இரண்டு திசையிலும் ஆள் வேண்டும், கனமழையில் குமுளி மலைப்பாதை அடைபட்டால் நீங்கள் மேலேயே நின்றுவிடுவீர்கள். கம்பம்மெட்டு வழி சுற்று, அதுவும் எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

எங்கே போவது என்பதை மழைக்கு முன்னாலேயே முடிவு பண்ணுங்கள். முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் நடக்கும். குழந்தைகளும் வயசானவர்களும் நெருக்கியடித்துப் படுக்கிற அறையில் நாயைச் சேர்க்கத் தயங்குவார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. 2018 வெள்ளத்தில் திருச்சூர்ப் பக்கம் ஒரு பெண், தன் 25 நாய்களையும் ஏற்றாமல் வர மாட்டேன் என்று நின்று, கடைசியில் எல்லாவற்றோடும்தான் மீட்கப்பட்டார். பாராட்டலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. மேட்டில் இருக்கிற ஒரு வீட்டில் மணியைத் திண்ணையில் கட்ட இடம் கேட்டு வையுங்கள். உங்களை ஏற்றிப்போகிற ஜீப்காரரிடமும் நாய் வரும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், ராத்திரி பேரம் பேச நேரம் இருக்காது.

எவ்வளவு பார்த்தும் மணியைக் கொண்டுபோக முடியாமல் போனால் வீட்டுக்காரர் தங்க வேண்டாம். கழுத்துப்பட்டையை மட்டும் விட்டுவிட்டுச் சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். வெள்ளத்தில் சாகிற நாய்களில் கட்டிப்போட்டவை நிறைய. அவிழ்த்துவிட்ட நாட்டு நாய் பெரும்பாலும் மேட்டைத் தேடிப் போய்விடும். கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லிவையுங்கள்.

வெள்ளத் தண்ணீர் ஏன் கூடாது என்றால், எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். நாய்க்கு வந்தால் அதன் மூத்திரம் வழியாக வீட்டு மனிதருக்கும் வரும். வருஷாவருஷம் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் பங்கு இருக்கிறதா என்று கார்டில் பாருங்கள். முதல் தடவை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை, எனவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே தொடங்கினால்தான் இடவப்பாதிக்குள் உடம்பில் எதிர்ப்பு வந்திருக்கும். தண்ணீரில் நடந்து வந்த மணியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துவட்டுங்கள், விரலிடுக்கில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் சாப்பிடாமல் வாந்தி எடுத்தாலோ, கண்ணும் ஈறும் மஞ்சளித்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள், வெள்ளத்தில் நின்றதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவன் மூத்திரம் போன இடத்தைக் கையுறை போட்டு பிளீச்சிங் தண்ணீரால் கழுவுங்கள். உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வீட்டில் நாய் இருப்பதையும் வெள்ளத்தில் நடந்ததையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.