கூண்டில் வாழும் குரங்குகளுக்கு ஊஞ்சலும் பந்தும் போதுமா?

கேட்கப்பட்டிருப்பவை இரண்டு. உயிரியல் பூங்காக்களிலும் ஆய்வகங்களிலும் அடைக்கப்பட்டிருக்கும் குரங்குகளுக்கு ஊஞ்சல், பந்து போன்றவற்றைக் கொடுப்பதால் உண்மையில் பயன் உண்டா என்பது ஒன்று. வீட்டில் தனியாக வளர்க்கப்படும் குரங்குக்கும் இதே வழியில் நல்வாழ்வு தர முடியுமா என்பது மற்றொன்று. குரங்குகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கே அதிக இடம் தருகிறேன். அதைப் புரிந்துகொண்டால் இரண்டாவதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

புதிய பந்தை உள்ளே போட்டால் குரங்கு அதை உருட்டும், முகரும், கடித்துப் பார்க்கும். சில நாள்களில் அது மூலையில் கிடக்கும். அப்படிக் கிடக்கும் பந்தையும் சேர்த்து, சூழல் செறிவூட்டல், அதாவது விலங்கின் இயல்பான நடத்தைக்கு வாய்ப்புத் தரும்படி கூண்டை மேம்படுத்துவது, செய்யப்பட்டுவிட்டதாகப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போதுமே வருத்தம் தந்திருக்கிறது. ஒரு கூண்டில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதை விட, குரங்கு ஏதாவது செய்தால் அதற்கு விளைவு உண்டா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். தேடினால் கிடைக்க வேண்டும். இழுத்தால் திறக்க வேண்டும். பிடிக்காதபோது விலகிச் செல்ல இடம் இருக்க வேண்டும்.

1986-இல் அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேகாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ரீசஸ் குரங்குக் குட்டிகளில் ஒரு பிரிவுக்கு உணவையும் தின்பண்டத்தையும் தாமே இயக்கிப் பெறும் வசதி கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு அதே பொருள்கள் அதே நேரத்தில் வந்து சேர்ந்தன, ஆனால் அந்தக் குட்டிகள் செய்த எதனாலும் அல்ல. இரு பிரிவுக்கும் கிடைத்தவற்றில் வேறுபாடே இல்லை. அப்படியிருந்தும், தாமே இயக்கிப் பழகிய குட்டிகள் அச்சமூட்டும் இயந்திரப் பொம்மையைக் கண்டு குறைவாகவே மிரண்டன. புதிய இடத்தைத் துணிந்து ஆராய்ந்தன. அடைத்து வளர்க்கப்படும் விலங்குக்கு நாம் எவ்வளவு கொடுத்தாலும், அதன் செயலுக்கு மதிப்பில்லாத இடத்தில் அது தைரியமாக வளர்வதில்லை என்றே இந்த முடிவை நான் வாசிக்கிறேன். உணவுக்காக மட்டுமே குரங்கு உழைக்கும் என்று எண்ணவும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950-இல் வெளியிட்ட ஆய்வில், கொக்கியும் தாழ்ப்பாளும் கொண்ட புதிரை ரீசஸ் குரங்குகள் எந்தப் பரிசும் இல்லாமலேயே திரும்பத் திரும்பக் கழற்றின.

காட்டில் பெரும்பாலான குரங்கினங்களின் பகற்பொழுதில் பெரும்பகுதி உணவைத் தேடுவதிலும், உரிப்பதிலும், உடைப்பதிலும் கழிகிறது. கிண்ணத்தில் வைத்த உணவோ சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மிச்சமுள்ள பொழுதில் செய்வதற்கு எதுவும் இல்லாததால் தன் முடியைத் தானே பிடுங்குவது, ஒரே தடத்தில் நடந்துகொண்டிருப்பது, தின்றதை வெளியே கொண்டுவந்து மறுபடி தின்பது போன்ற நடத்தைகள் தலைகாட்டுகின்றன. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த மாற்று மரச்சீவல் தரை. வெறும் சிமெண்டுத் தரையின் மேல் சீவலைக் கனமாகப் பரப்பி, தானியத்தையும் விதைகளையும் அதில் தூவிவிட வேண்டும், அவ்வளவுதான். பெண் குரங்கு ஒன்று அதில் உட்கார்ந்து தேடுவதை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். ஒரு கையால் சீவலை ஒதுக்கும். கண்ணில் படும் விதையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே எடுக்கும். ஒட்டியிருக்கும் தூளை உள்ளங்கையில் தேய்த்து நீக்கும். கன்னப்பையில் ஒதுக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலேயே அடுத்ததற்குக் கையை நீட்டும். கூட்டத்தில் தாழ்ந்த நிலையில் இருக்கும் குரங்குக்கு இதில் தனி நன்மை உண்டு. கிண்ணத்தை வலிமையுள்ள ஒரு குரங்கு மறித்துக்கொள்ள முடியும். தரை முழுவதும் சிதறிக் கிடக்கும் விதைகளை யாராலும் மறிக்க முடியாது.

சீவல் அசுத்தம், நோய் வரும் என்ற அச்சம் நிர்வாகங்களுக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டுக் குரங்கினங்களிடம் இதைச் சோதித்து 1982-இல் வெளியிட்ட முடிவு அதற்கு நேர்மாறானது: சண்டைகள் குறைந்தன, நாள்பட்ட சீவலில் பாக்டீரியாக்கள் வளரும் திறனும் குறைந்தது. தினமும் எல்லாவற்றையும் கழுவித் தள்ளுவதே நலன் என்று கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மார்மோசெட் போன்ற சிறு குரங்குகள் கிளைகளில் தம் வாசனையைத் தடவி வைப்பவை. ஒரே நாளில் எல்லாக் கிளைகளையும் கழுவினால் அவற்றுக்கு அந்த இடமே அந்நியமாகிவிடும். ஒரு பகுதியை விட்டுவைத்து மறுபகுதியைக் கழுவுவதே சரி.

எதைக் கொடுப்பது என்பதை அந்த இனத்தின் இயல்பே தீர்மானிக்க வேண்டும். மார்மோசெட் தன் கீழ்ப்பற்களால் மரப்பட்டையில் துளையிட்டுப் பிசினைத் தின்னும் உயிரினம். ஆகவே துளையிட்ட கட்டையில் பிசின் நிரப்பிக் கொடுப்பது அதற்குப் பொருத்தமானது. சிம்பன்சிகள் குச்சியைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் எடுப்பதை விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் 1960-இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் கண்டறிந்தார். குச்சியை விட்டு உணவை எடுக்கும் செயற்கைப் புற்றுகள் இன்று பல பூங்காக்களில் உள்ளன. ஒராங்குட்டானும் சிம்பன்சியும் காட்டில் இரவுதோறும் படுக்கை பின்னிக்கொள்பவை என்பதால் இலையுள்ள கிளைகளும் வைக்கோலும் மாலையில் கிடைக்க வேண்டும். ஆபத்தை உணர்ந்தால் மேலே ஏறித் தப்புவது குரங்கின் இயல்பு. மனிதர் கண்மட்டத்துக்கு மேல் இருக்கை இல்லாத தாழ்வான கூண்டில் என்ன பொம்மை தொங்கவிட்டாலும் குரங்கு நிம்மதியாக இருக்காது.

அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தில் 1985-இல் செய்யப்பட்ட திருத்தம், குரங்கினங்களின் மனநலத்துக்கு ஏற்ற சூழல் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நல்ல தொடக்கம், ஆனால் சட்டத்தை நிறைவேற்றியதற்கான அடையாளத்தை வைக்கோலிலும் பந்திலும் தேடாமல் விலங்கின் நடத்தையில் தேட வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே குரங்கை அதே நேரங்களில் உட்கார்ந்து கவனித்து எழுதினாலொழிய, பயன் விளைந்ததா என்று சொல்ல இயலாது.

இனி இரண்டாவது கேள்வி. மேலே சொன்ன எல்லாவற்றையும் வீட்டில் செய்தாலும், இன்னொரு குரங்கின் இடத்தை எதனாலும் நிரப்ப முடியாது. ஒன்றுக்கொன்று முடி கோதி விடுவதுதான் அவற்றின் உறவு, சமாதானம், ஆறுதல் எல்லாமே. தனிமையில் வளர்த்த ரீசஸ் குட்டிகள் தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடியதையும் தம்மையே கடித்துக்கொண்டதையும் ஹார்லோவின் ஆய்வகம் பதிவு செய்தது. அந்தக் கொடிய சோதனைகளை மறுபடி செய்து பார்க்கத் தேவையில்லை. ஆகவே என் விடை முடியாது என்பதே. இப்போது உங்களிடம் குரங்கு இருந்தால், அதே இனத்தின் கூட்டத்தைப் பராமரிக்கும் மீட்பு மையத்திடம் ஒப்படையுங்கள். அங்கும் அதை உடனே கூட்டத்துக்குள் விடக் கூடாது. முதலில் கண்ணால் மட்டும் பார்க்க விட்டு, பிறகு கம்பிவலைக்கு இருபுறமும் இருத்தி, வலையின் வழியே முடி கோதத் தொடங்கிய பின்பே அமைதியான குணமுள்ள ஒரு துணையுடன் சேர்ப்பார்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மையத்தை அவசரப்படுத்தாதீர்கள்.