தண்ணீர் மாற்றிய அன்றே ஏஞ்சல் மீன்கள் ஏன் சண்டை போடுகின்றன?

கேள்வி: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் ஆறு ஏஞ்சல் மீன்கள் வளர்க்கிறேன். குட்டியாக வாங்கியவை, இப்போது நன்றாக வளர்ந்துவிட்டன. ஞாயிறுதோறும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மரக்கட்டை, கற்களையும் வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவி வைத்து, புதுத் தண்ணீர் ஊற்றுவேன். அன்று மாலையே பெரிய மீன் மற்றவற்றைத் துரத்த ஆரம்பித்துவிடும். சில சமயம் இரண்டு மீன்கள் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இழுக்கும். திங்கள், செவ்வாயில் அடங்கிவிடும். மறுபடி ஞாயிறு வந்தால் அதே கதை. கடைக்காரர், “தண்ணீர் சுத்தமில்லை, வாரம் இரண்டு தடவை பாதி மாற்றுங்கள்” என்கிறார். வீட்டிலோ, “மாதம் ஒரு தடவை மாற்றினால் போதும், நிம்மதியாக இருக்கட்டும்” என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கடைக்காரர் சொன்னபடி செய்தால் சண்டை வாரம் இரண்டு முறை நடக்கும். வீட்டில் சொன்னபடி செய்தால் சண்டை குறையலாம், ஆனால் மீன்கள் மெல்ல நோயில் விழும்.

தண்ணீர் கெட்டதால் வரும் எரிச்சல் என்றால், அது வாரக் கடைசியில், தண்ணீர் பழசாக ஆக ஆக, கூடிக்கொண்டே போக வேண்டும். உங்கள் தொட்டியில் நேர்மாறாக நடக்கிறது. புதுத் தண்ணீர் வந்த உடனே சண்டை, தண்ணீர் பழகப் பழகச் சமாதானம். அப்படியென்றால் சண்டையைக் கிளப்புவது அழுக்கு அல்ல, நீங்கள் தண்ணீரை மாற்றும் விதம்.

ஏஞ்சல் மீன் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்கார், ஃப்ளவர் ஹார்ன், நம் ஏரிகளில் கிடைக்கும் ஜிலேபி கெண்டை எல்லாம் இதே குடும்பம்தான். இந்த மீன்கள் கூட்டமாக இருக்கும்போது யார் பெரியவர், யார் அடங்கிப் போக வேண்டியவர் என்று ஒரு வரிசை உண்டாகிவிடும். அந்த வரிசை முடிவாகும்வரை சண்டை நடக்கும். முடிவான பிறகு, பெரிய மீன் துடுப்பை விரித்துக் காட்டினாலே போதும், சின்னது ஒதுங்கிவிடும். இந்த வரிசையை அவை கண்ணால் மட்டும் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. மோப்பமும் இதில் உண்டு. மோப்பம் வருவது பெரும்பாலும் சிறுநீரிலிருந்து.

இது மிக விரிவாக ஆராயப்பட்டது ஜிலேபி கெண்டையில்தான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா அது. போர்ச்சுகலில் இந்த மீனை வைத்து நடந்த ஆய்வுகளில் ஒரு வேடிக்கையான விஷயம் தெரியவந்தது. கூட்டத்துத் தலைவனான ஆண் மீன் சிறுநீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எதிரே இன்னொரு ஆண் வந்தால், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுகிறது. அந்தச் சிறுநீரில் இருக்கும் வாசனைப் பொருள், “இங்கே நான் இருக்கிறேன்” என்று எதிராளிக்குச் சொல்லிவிடுகிறது. பல நேரங்களில் கடித்துக்கொள்ளாமலே விவகாரம் முடிந்துவிடுகிறது. தலைவர்களின் சிறுநீர்ப்பைக்குத் தசைச்சுவர்கூடத் தடித்திருக்கும். தோற்ற மீனோ சிறுநீர் விடுவதையே குறைத்துக்கொள்ளும்.

ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியிலிருந்து வந்த ஒரு சின்ன சிக்லிட்டை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். சிறுநீர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று மீனுக்குச் சாய ஊசி போட்டு, இரண்டு மீன்களுக்கு நடுவே ஒளி ஊடுருவும் தடுப்பு வைத்தார்கள். தடுப்பில் ஓட்டை இருந்து எதிராளியின் வாசனை வந்து சேர்ந்தால் மீன்கள் கொஞ்சம் அடங்கின. ஓட்டை இல்லாமல் பார்க்க மட்டும் முடிந்தபோது ஆக்ரோஷம் கூடியது. ஆளைப் பார்த்தும், அவர் என்ன நினைக்கிறார் என்பது தெரியாத நிலைமை.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பாதித் தண்ணீரை வெளியே கொட்டும்போது அழுக்கோடு சேர்ந்து இந்த வாசனையும் பாதியாகிவிடுகிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஏஞ்சல் மீனிலேயே சோதித்திருக்கிறார்கள். கால் பங்கு மாற்றியபோது ஏற்பட்ட கலவரத்தைவிட, பாதி மாற்றியபோது ஏற்பட்ட கலவரம் பெரிது. அதாவது, மாற்றுவது தப்பில்லை, ஒரே தடவையில் அதிகம் மாற்றுவதுதான் பிரச்சினை.

அமேசானில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. தோற்ற மீன் நீந்தி எங்கேயாவது போய்விடும். மூன்றடிக் கண்ணாடிக்குள் எங்கே போகும்?

இதற்கு மேல் நீங்கள் இன்னொன்றும் செய்கிறீர்கள். மரக்கட்டையையும் கற்களையும் எடுத்துத் தேய்க்கிறீர்கள். திரும்ப வைக்கும்போது அவை பழைய இடத்தில் இருக்காது, இரண்டங்குலமாவது நகர்ந்திருக்கும். பெரிய மீன் தன்னுடையது என்று பிடித்து வைத்திருந்த மூலை காணாமல் போய்விடும். வாசனையும் போய், எல்லையும் போனால் சண்டை வராமல் என்ன செய்யும்? என்னைக் கேட்டால், தண்ணீரைவிட இந்தக் கழுவலைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். கட்டை மேல் படியும் பச்சைப் பாசி மீனுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. நமக்குத்தான் பார்க்கப் பிடிப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் தொட்டியின் அளவுக்கு மொத்தக் கொள்ளளவு சுமார் 190 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போகத் தண்ணீர் 160 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு என்றால் 40 லிட்டர், வீட்டுக்கு வரும் குடிநீர் கேனில் இரண்டு. ஞாயிறு இரண்டு கேன், புதன் அல்லது வியாழன் இரண்டு கேன் மாற்றுங்கள். ஒரே தடவையில் பாதி எடுத்தால் அழுக்கு 50 சதவீதம் குறையும். கால் கால் பங்காக இரண்டு தடவை எடுத்தால் ஏறக்குறைய 44 சதவீதம் குறையும். சுத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை, மீன்களுக்கோ நிறைய வித்தியாசம். வாரநாளில் நேரமில்லை என்றால் வாரம் ஒரே தடவை, 40 லிட்டரோடு நிறுத்துங்கள். தீனியைக் கொஞ்சம் குறைத்து, மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைச் சோதனைக் கிட்டில் பாருங்கள். லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் ஏஞ்சல் மீனுக்குக் கவலையில்லை, 20-க்குள் இருந்தால் இன்னும் நல்லது.

ஊற்றும் விதமும் முக்கியம். குழாயை நேராகத் தொட்டிக்குள் விடாதீர்கள். முந்தைய இரவே தண்ணீரைப் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கலந்துவிடுங்கள். மே மாதம் மதியம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தாலே தெரியும், எவ்வளவு சூடு என்று. ஏஞ்சல் மீனுக்கு 26 முதல் 28 டிகிரி போதும். வைத்திருக்கும் தண்ணீருக்கும் தொட்டிக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒரு மெல்லிய டியூபில் அரைமணி நேரம் மெதுவாக இறக்கினால் இன்னும் நல்லது. தண்ணீர் மாற்றும் அன்று விளக்கைச் சில மணி நேரம் அணைத்து வையுங்கள், இருட்டில் துரத்துவது குறையும்.

ஃபில்டர் பஞ்சையும் அதே நாளில் கழுவாதீர்கள். கழுவும்போதும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். இல்லாவிட்டால் அதில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, அம்மோனியா ஏறும். அப்போது வரும் பதற்றம் வேறு ரகம்.

மாதம் ஒரு தடவை போதும் என்ற யோசனை ஏன் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கேட்பார்கள். மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மை கரைந்துகொண்டே போகும், பிஎச் (அமில-கார அளவு) இறங்கும். பிஎச் குறைவாக இருக்கும்போது அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியமாக இருக்கும், அதனால் அவ்வளவு ஆபத்தில்லை. ஒரு மாதம் கழித்து, “ரொம்ப அழுக்காகிவிட்டது” என்று முக்கால் தொட்டியைக் காலி செய்து, கடினமான போர் தண்ணீரை ஊற்றுவீர்கள். பிஎச் படக்கென்று ஏறும். ஒரு புள்ளி ஏறினாலே விஷமான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். கலங்கிய தண்ணீரில் நன்றாக இருந்த மீன், தெளிவான தண்ணீரில் சாகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கு. சோதனையில் அம்மோனியாவோ, அது நைட்ரேட்டாக மாறும் வழியில் வரும் நைட்ரைட்டோ தெரிந்தால், சண்டையைப் பற்றி யோசிக்காமல் பாதியை மாற்றுங்கள். அன்று உயிர்தான் முக்கியம், அடிதடி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாச் சண்டைக்கும் தண்ணீர்தான் காரணம் என்றும் இல்லை. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், துடுப்பை மடக்கி ஒரு மூலையில் நின்றால், அது தண்ணீர்க் கோளாறு. இரண்டு மீன்கள் மட்டும் சேர்ந்து ஒரு இலையையோ ஃபில்டர் குழாயையோ வாயால் சுத்தம் செய்து, பக்கத்தில் வருபவற்றை எல்லாம் விரட்டினால், அவை முட்டையிடத் தயாராகின்றன. ஏஞ்சல் மீனை வளர்ப்பவர்கள் முட்டையிட வைக்கவே தண்ணீர் மாற்றுவதுண்டு, அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் இதுவும் கலந்திருக்கலாம். அந்த ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்றுவதுதான் வழி. மூன்றடியில் ஒரு ஜோடி உருவாகிவிட்டால் மற்ற நான்குக்கும் அங்கே இடமில்லை, இதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். ஒரே மீன் வாரம் முழுக்க அடிவாங்கிக்கொண்டு, செதில் உதிர்ந்து, சாப்பிடாமல் ஒளிந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தண்ணீரை எப்படி மாற்றினாலும் அது தேறாது.

மற்ற மீன் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. ஃபைட்டர் ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் எந்தத் தண்ணீரும் அவற்றைச் சமாதானப்படுத்தாது. ஃப்ளவர் ஹார்ன் தனியாகத்தான் இருக்கும், அதனால் இந்தக் கணக்கு அதற்கு வேண்டாம். கழிவு அதிகம் போடும் மீன் அது, தாராளமாக மாற்றலாம்.

உங்களுக்கு இந்தத் தொந்தரவே ஒரு நாள் பயன்படும். கூட்டத்தில் ஒரு புது மீனைச் சேர்க்கவேண்டி வந்தால், அன்று மட்டும் வேண்டுமென்றே பாதித் தண்ணீரை மாற்றி, கட்டையையும் கல்லையும் இடம் மாற்றி வைத்து, பிறகு புது மீனை விடுங்கள், விளக்கு அணைந்திருக்கட்டும். எல்லோருக்கும் எல்லை புதிதாக இருப்பதால், புதிதாக வந்த ஒன்றையே எல்லோரும் சேர்ந்து துரத்துவது குறையும். சிக்லிட் வளர்ப்பவர்கள் நெடுநாளாகச் செய்துவரும் வேலை இது. மறுநாள் காலை ஒருமுறை பாருங்கள். புது மீன் தீனிக்கு முன்னே வந்தால் விட்டுவிடலாம், வராவிட்டால் ஒரு வலைத்தடுப்புக்குப் பின்னால் இன்னும் இரண்டு நாள் வைத்திருங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வரும் தடுப்பாக இருக்க வேண்டும், கண்ணாடித் தடுப்பு வேண்டாம்.